வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்



காலை நிகழ்ச்சி முடிந்ததும் வானொலியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்திருக்கும் குரல் பதிவுகளை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு விருப்பம், கெசாஸ் நெடுஞ்சாலையில் நெரிசல் என்ற தகவல். சென்ற மாதம் வந்த ஒன்று வேறு மாதிரி இருந்தது. பேசியவர் ஷா ஆலாம் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன்.

"தம்பி, எங்க பேக்டரில புதுசா கூரை மாத்தியிருக்காங்க. நடுவுல நடுவுல கண்ணாடி மாதிரி ஷீட்டு. பகல்ல லைட்டே போட வேணாம், பளிச்சுன்னு இருக்கு. ஆனா மத்தியானம் ஆச்சுன்னா நிக்க முடியல. பாஸ்கிட்ட கேட்டா, 'வெளிச்சம் வந்தா சூடும் வரத்தானே செய்யும்'னு சொல்றாரு. அப்படித்தானா தம்பி?"

இது நல்ல கேள்வி. பிறை, பாசிர் கூடாங், கிள்ளான், சுங்கை பட்டாணி என்று தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் எல்லாம் நம் ஆட்கள் இந்த மாதிரிக் கூரைக்குக் கீழேதான் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். நம் வாசகர்களில் கட்டடப் பொறியாளர்களும் உண்டு. சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளும் உண்டு. அதனால் அந்த அண்ணனுக்கான பதிலை இந்த வாரம் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: பாஸ் சொன்னதில் பாதிதான் உண்மை. வெளிச்சம் வந்தால் கொஞ்சம் சூடு வரும். நிற்க முடியாத அளவுக்குச் சூடு வந்தால், தேவைக்கு மேல் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது வந்த சூடு வெளியே போக வழி வைக்கவில்லை. பல இடங்களில் இரண்டுமே நடந்திருக்கும்.

சூரியன் எங்கே நிற்கிறது?

முதலில் நம் நாடு இருக்கும் இடத்தைப் பார்ப்போம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறது. மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 60 பாகைக்கு மேல்தான் நிற்கும்.

இதனால் நம் ஊரில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் இல்லை, கூரை. தொழிற்சாலை என்றால் இன்னும் மோசம். மாடி வீட்டில் மேல் மாடிக்காரர் மட்டும்தான் கூரைச் சூட்டை வாங்குவார். ஒற்றை மாடிப் பட்டறை கால்பந்துத் திடல் மாதிரி அகலமாக விரிந்து கிடக்கும். அதன் தரை எவ்வளவோ, கூரையும் அவ்வளவு.

இன்னொரு விஷயம் கடிகாரம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி சுமார் 1.15. அதாவது 12 மணிக்குச் சாப்பாட்டு நேரம் விட்டு 1 மணிக்குத் திரும்ப அழைத்தால், கூரை மிக அதிகமாகச் சுடத் தொடங்கும் நேரத்தில் சரியாக ஆட்களை அதன் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறோம். வெளிக்காற்றின் சூடு அதற்குப் பிறகும் ஏறி, 2 மணி, 3 மணி வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும். "மத்தியானம் ஆச்சுன்னா நிக்க முடியல" என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கூரையில் வெளிச்சத்துக்காக வைக்கும் அந்தத் தகட்டை ஒளித்தகடு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டு வீட்டில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு செருகுவார்களே, அதே வேலைதான். பட்டறைகளில் பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது பைபர்கிளாஸ்.

மேகம் இல்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரை மீது விழும் வெயிலின் சக்தி சுமார் 1,000 வாட். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று இழுக்கும் கரண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஒளித்தகடு என்பது ஓர் இஸ்திரிப் பெட்டி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 20 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் உள்ள ஒரு பட்டறை. தரை 1,000 சதுர மீட்டர். கூரையில் 15 விழுக்காடு, அதாவது 150 சதுர மீட்டருக்கு, தெளிவான ஒளித்தகடு போட்டிருக்கிறார்கள். அது வெயிலில் முக்கால் பங்கை உள்ளே விடும். கணக்குப் பார்த்தால் நண்பகலில் சுமார் 110 கிலோவாட் வெப்பம் உள்ளே வருகிறது. 110 இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு நடுவில் நின்று வேலை செய்கிற மாதிரி.

பதிலுக்குக் கிடைக்கும் வெளிச்சம் எவ்வளவு? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரணப் பட்டறை வேலைக்கு 300 லக்ஸ் வாக்கில் இருந்தால் போதும். நுணுக்கமான பொருத்தும் வேலைக்கு 500. சூரிய ஒளியில் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் வெளிச்சம் கிடைக்கும். அதில் பாதி வேலை மேசைக்கு வந்து சேர்ந்தாலும் அந்தப் பட்டறையில் 5,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். தேவையைப் போல 15 மடங்குக்கும் அதிகம். கண்ணுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உபரியாக வந்த அத்தனையும் தரையிலும் இயந்திரத்திலும் ஆளின் முதுகிலும் விழுந்து சூடாக மாறுகிறது.

அதே பட்டறையில் 4 விழுக்காடு மட்டும், அதாவது 40 சதுர மீட்டர், பால் நிறத் தகடு போட்டிருந்தால்? அது வெயிலில் பாதியை விடுவதாக வைத்துக்கொண்டால் உள்ளே வருவது 20 கிலோவாட். வெளிச்சம் நண்பகலில் சுமார் 1,000 லக்ஸ். இதுவே தேவைக்கு அதிகம். மேகம் கட்டிக்கொண்டு மழை வரும் நேரத்தில் போதாமல் போகும், அப்போது விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

விளக்கு என்றதும் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். அதே 1,000 சதுர மீட்டருக்கு 300 லக்ஸ் கொடுக்க இன்றைய எல்.இ.டி. விளக்குகளுக்கு 4 கிலோவாட் வாக்கில் மின்சாரம் போதும். பழைய மெர்குரி விளக்குகள் இருந்த காலத்தில் இதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் தேவைப்பட்டது. அன்று பெரிய ஒளித்தகடு போட்டதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்று 4 கிலோவாட் மிச்சம் பிடிக்க 110 கிலோவாட் வெப்பத்தைக் கூரை வழியாகக் கூப்பிட்டு, பிறகு அதை விரட்ட நான்கு பெரிய மின்விசிறி வாங்குவது கட்டுப்படியாகாத வியாபாரம்.

அப்படியானால் ஒளித்தகடே வேண்டாமா? வேண்டும். ஜன்னல் இல்லாத கூடத்தில் நாள் முழுக்க இருப்பவருக்கு வெளியே மழையா வெயிலா, காலையா மாலையா என்று தெரிவதே ஆறுதல். கரண்டு போனால் இயந்திரத்துக்கு நடுவே தடுமாறாமல் வெளியே வரலாம். நிறங்களும் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். இதற்கெல்லாம் 3 முதல் 5 விழுக்காடு வரை அளவாக இருந்தாலே போதும். பட்டறையின் உயரம், உள்சுவரின் நிறம், செய்யும் வேலை இவற்றைப் பார்த்து அந்த அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

தெர்மாமீட்டர் சொல்லாத சூடு

பட்டறைச் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 34 டிகிரி காட்டும். வெளியேயும் ஏறக்குறைய அவ்வளவுதான். "அப்புறம் என்ன, ஒரே சூடுதானே?" என்று அலுவலகத்தில் இருப்பவர் கேட்பார். ஆனால் கீழே நிற்பவருக்கு மண்டை காயும்.

பசார் மாலாமில் சாத்தே சுடும் கடைப் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். கரி அடுப்புக்கு நேரே நின்றால் முகம் சுடும். இரண்டடி விலகி நடுவில் ஓர் அட்டையைப் பிடித்தால் சுடாது. காற்று அதே காற்றுதான். அடுப்பிலிருந்து நேராகப் பாயும் வெப்பக் கதிர்தான் முகத்தைச் சுட்டது. வெயிலில் காய்ந்த தகரக் கூரை 60 டிகிரியைத் தாண்டிப் போகும். கீழே காப்பு எதுவும் இல்லாத தகரம் என்றால் அந்தச் சூடு அப்படியே உட்பக்கம் வந்து, தலைக்கு மேல் ஒரு பெரிய சாத்தே அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி கீழே கதிர் வீசும். ஒளித்தகட்டின் வழியாக வரும் வெயில் அதோடு சேர்ந்துகொள்ளும். பிற்பகலில் ஒரு மழை அடித்ததும் சில நிமிடங்களில் பட்டறை சொர்க்கம் மாதிரி ஆகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? தகரம் மெல்லியது. சட்டென்று சுடும், சட்டென்று ஆறும்.

அதனால்தான் வேலையிடச் சூட்டை அளப்பவர்கள் வெறும் தெர்மாமீட்டரை நம்புவதில்லை. மூன்று கருவிகள் வைப்பார்கள். ஒன்று சாதாரணத் தெர்மாமீட்டர். இன்னொன்று ஈரத்துணி சுற்றியது. அது வியர்வை எவ்வளவு சுலபமாகக் காயும் என்று சொல்லும். மூன்றாவது கறுப்பு உருண்டைக்குள் வைத்தது. அது வெப்பக் கதிரையும் சேர்த்துப் பிடிக்கும். கட்டடத்துக்கு உள்ளே வெயில் நேராகப் படாத இடம் என்றால், ஈரத்துணி அளவில் 70 விழுக்காடும் கறுப்பு உருண்டை அளவில் 30 விழுக்காடும் கூட்டி ஓர் எண் எடுப்பார்கள். அதன் பெயர் டபிள்யூ.பி.ஜி.டி. நம் ஊரில் ஈரப்பதம் எப்போதுமே அதிகம், வியர்வை காயாது. அந்த 70 விழுக்காட்டில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்த 30 விழுக்காடு கூரை கையில் இருக்கிறது.

குளிர் நாட்டிலிருந்து வந்த கூரை

ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகள் இந்தக் கூரைக்குப் பெயர் பெற்றவை. ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி, அது வடக்கே பார்க்கும். லங்காஷயர் இருப்பது 53, 54 பாகை வடக்கில். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். வடக்குக் கண்ணாடி வழியாக நேர் வெயில் அதிகம் வராது. பெரும்பாலும் வானத்தின் மென்மையான வெளிச்சம்தான் வரும். நூல் அறுந்தால் தெரிய வேண்டிய நெசவாளிக்கு நிழல் விழாத அந்த வெளிச்சம் அருமையாகப் பொருந்தியது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை கோலாலம்பூரின் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஏறக்குறைய ஐந்தரை மாதம் வெயில் அந்த வடக்குக் கண்ணாடியில்தான் விழும். தெற்கே திருப்பி வைத்தால் மிச்சமுள்ள மாதங்களில் அதே கதை. நம் இடத்தில் இந்தத் திசை பாதுகாப்பு, அந்தத் திசை ஆபத்து என்று இல்லை. எந்தப் பக்கம் திறந்தாலும் மேலே ஒரு நீட்டிய தாழ்வாரம் வேண்டும்.

இதைப் பழைய ஆட்கள் தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள். பினாங்கிலும் மலாக்காவிலும் உள்ள பழைய கடைவீடுகளின் உச்சியில் ஒரு குட்டிக் கூரை தூக்கி நிற்பதைப் பாருங்கள். ஜேக் ரூஃப் என்பார்கள். பெரிய கூரைக்கும் அந்தக் குட்டிக் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகச் சூடான காற்று வெளியே போகும், நிழல் கலந்த வெளிச்சம் உள்ளே வரும், மழை வராது. ஒரே திறப்பு மூன்று வேலை செய்கிறது. படுத்துக் கிடக்கும் ஒளித்தகடு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், காற்றை வெளியே விடாது.

என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்டுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை அந்த ஜேக் ரூஃப்தான். பட்டறையின் நெடுக உச்சியைத் தூக்கி, இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சாய்சட்டங்களும் ஒளித்தகடும் வைத்து, மேல்கூரையை நன்றாக நீட்டி விடலாம். ஒன்றை மறக்கக் கூடாது. சூடான காற்று மேலே போக வேண்டுமானால் கீழே வேறு காற்று நுழைய வேண்டும். கீழ்ச்சுவரில் திறப்பு இல்லாமல் உச்சியில் மட்டும் ஓட்டை போட்டால் காற்று நகராது. கூரை மேல் பளபளவென்று சுற்றும் உருண்டைக் காற்றாடிகளுக்கும் இதே விதிதான். திருட்டு பயத்தில் கீழே எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அவை அழகுக்குத்தான் சுற்றும். பூட்டிய கம்பி வலைத் திறப்பு போட்டால் திருடனும் வரமாட்டான், காற்றும் வரும்.

ஏற்கெனவே இருக்கும் கூரை என்றால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம்.

முதலில் தகரத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. புதிதாகப் பூசிய வெள்ளைக் கூரை, 60 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் நாற்பதுகளிலேயே நின்றுவிடும். பாசி பிடித்துக் கறுத்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். பூசுபவர் ஒளித்தகட்டின் மேலும் சேர்த்துப் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாளும் அதோடு ராக்வூல் மெத்தையும். அலுமினியத் தாள் வேலை செய்ய அதன் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டி வைத்துவிட்டு "தாள் போட்டும் சூடு குறையலையே" என்று கேட்பவர்கள் உண்டு.

பிறகுதான் ஒளித்தகடு. அளவுக்கு மேல் இருந்தால் ஒரு பகுதியைக் கழற்றி, காப்புள்ள தகரம் போட்டுவிடலாம். மிச்சத்தைப் பால் நிறத்துக்கு மாற்றலாம். தெளிவான தகடு தரையில் கட்டம் கட்டமாக வெயிலை விழவைக்கும். போர்க்லிப்ட் ஓட்டுபவர் பளீர் வெயிலிலிருந்து நிழலுக்கு நுழையும் அந்த ஒரு நொடி கண் தெரியாது. பால் நிறத் தகடு வெளிச்சத்தைப் பரப்பிவிடும். ஓரிடத்தில் பெரிதாக வைப்பதைவிடச் சிறிது சிறிதாகப் பல இடங்களில் வைத்தால் குறைந்த தகட்டிலேயே கூடம் முழுக்கச் சீராக வெளிச்சம் கிடைக்கும். ஆள் நின்று வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே வைக்காமல் நடைபாதைக்கு மேலே வைப்பது நல்லது.

சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அது வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். அதைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் அதிகமாக விடும் தகடுகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல். வாங்கும்போது "எத்தனை விழுக்காடு வெளிச்சம் விடும், எத்தனை விழுக்காடு வெப்பம் விடும்" என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருப்பதே நமக்கு ஏற்றது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பகலில் விளக்கை அணைத்தால்தான் ஒளித்தகடு காசை மிச்சம் பிடிக்கும். பல இடங்களில் மேலே வெயில், கீழே எல்லா விளக்கும் எரியும். ஒரே சுவிட்சில் முழுக் கூடத்தையும் மாட்டியிருப்பார்கள். ஒளித்தகடு வரிசைக்குக் கீழே உள்ள விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் போட்டால் போதும்.

மிதிக்கக் கூடாத இடம்

சூட்டைவிட வேகமாக உயிரை எடுக்கும் ஆபத்து ஒன்று இந்தத் தகட்டில் இருக்கிறது. வெயிலில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடந்த பைபர்கிளாஸும் பாலிகார்பனேட்டும் மஞ்சளித்து, உலர்ந்து, பலம் இழந்திருக்கும். மேலே தூசியும் பாசியும் படிந்தால் பக்கத்துத் தகரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளைப் பூச்சையும் சேர்த்து அடித்துவிட்டால் சுத்தமாகத் தெரியாது. ஒழுகல் அடைக்கவோ, சோலார் பலகை கழுவவோ மேலே ஏறியவர் கால் வைத்தால் அப்படியே உள்ளே போய்விடுவார். கீழே இருப்பது சிமெண்டுத் தரை.

இப்படி விழுந்து இறந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பெரும்பாலும் கட்டடத்தில் வழக்கமாக வேலை செய்யாத, ஒரு நாள் வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி. எந்த இடத்தில் தகரம், எந்த இடத்தில் ஒளித்தகடு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒளித்தகட்டுக்குக் கீழே வலுவான கம்பி வலை, கூரை மேல் நடக்கப் பலகைப் பாதை, இடுப்பு வாரை மாட்டக் கொக்கி, ஏறும் ஏணிக்குப் பக்கத்தில் ஒளித்தகடுகளைக் குறித்த ஒரு வரைபடம். இவை இல்லாத கூரையில் "கொஞ்சம் ஏறிப் பாருங்க" என்று யாரையும் அனுப்பக் கூடாது. அனுப்பினாலும் ஏறக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

எம்.எஸ். 1525 என்று ஒரு மலேசியத் தர அளவுகோல் உண்டு. குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் மின்சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றியது. ஒளித்திறப்புள்ள கூரை வழியாக வரும் வெப்பம், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 25 வாட்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. மேலே போட்ட கணக்கில் ஒளித்தகடு வழியாக மட்டும், வெயில் உச்சியில் இருக்கும் அந்த வேளையில், சதுர மீட்டர் கூரைக்கு 110 வாட் வந்தது. நாள் சராசரியும் உச்சி வேளை அளவும் ஒன்றல்ல என்றாலும் எங்கே நிற்கிறோம் என்பது புரியும்.

ஆனால் அந்த 25 என்ற எல்லை ஏர்கோன் போட்ட கட்டடத்துக்குத்தான். ஏர்கோனின் கரண்டு பில் ஏறாமல் இருக்க வைத்த எல்லை அது. ஏர்கோன் இல்லாத பட்டறைக்கு அது பொருந்தாது. அங்கே கூரைச் சூட்டை வாங்குவது இயந்திரம் இல்லை, மனித உடம்பு. உடம்புக்கு பில் வருவதில்லை என்பதால் அதை யாரும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்தத் துறையில் இருக்கும் நம் இளம் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் அந்தக் கணக்கைப் போடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

தொழிலாளர்களுக்குப் பிடிமானம் இல்லாமல் இல்லை. ஜேகேகேபி என்று நாம் சொல்லும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் வேலையிட வெப்பத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நான் மேலே சொன்ன டபிள்யூ.பி.ஜி.டி. அளவைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, முதலாளி வேலையிட ஆபத்துகளை மதிப்பிட்டே ஆக வேண்டும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

அதற்கு முன்னால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி, நிழலுக்குப் போய், தண்ணீர் குடிக்க வேண்டும். கூட வேலை செய்பவர் உளறத் தொடங்கினாலோ மயங்கினாலோ 999க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

நம் வீட்டுப் பின்கட்டில்

"நான் பேக்டரியில் வேலை செய்யவில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாமான் வீடுகளில் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையல்கட்டுக்கு மேலே தெளிவான பாலிகார்பனேட் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் 6 சதுர மீட்டர். அதில் முக்கால் பங்கு உள்ளே வந்தாலும் நண்பகலில் நாலரை இஸ்திரிப் பெட்டி. அடுப்புச் சூடு தனி. அம்மா பதினொரு மணிக்கே சமைத்து முடித்துவிட்டு முன்னறைக்கு ஓடி வருவதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. தகட்டைப் பாதியாகக் குறைத்து, பால் நிறமாக்கி, சுவரின் உச்சியில் காற்று போக ஒரு திறப்பு வைத்துப் பாருங்கள்.

குரல் பதிவு அனுப்பிய அண்ணனுக்குக் கடைசியாக ஒன்று. பாஸிடம் "சூடு தாங்கலை" என்று சொன்னால் "எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்பார். அடுத்த முறை எண்களோடு போங்கள். கூரையில் எத்தனை தகடு, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று எண்ணுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் எத்தனை இஸ்திரிப் பெட்டி என்று தெரிந்துவிடும். மதியம் 2 மணிக்கு ஒருமுறை கீழே வந்து பத்து நிமிடம் உங்களோடு நிற்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பூச்சுக்கு எவ்வளவு ஆகும் என்று விலை விசாரித்து அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மாற்றிய பட்டறைகளில் வேலை செய்யும் மற்ற வாசகர்களும் எழுதுங்கள். எத்தனை தகடு, எந்த நிறம், மதியம் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். நல்ல கூரை போட்ட முதலாளியைப் பற்றியும் எழுதலாம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். வெயிலில் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.